காசிமேட்டு மீனவர் ஒருவர் கூறினார்

வடசென்னை நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றி 1998இலிருந்து நான் எழுதிய தேர்தல் கட்டுரை எதை எடுத்தாலும் அதில் ஒரு மீனவர் வருவார். ஐம்பது வயது. கைலியை மடித்துக் கட்டியிருப்பார். அதிகாலையில் காசிமேட்டில் லாஞ்சிலிருந்து இறங்கி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "எவன் வந்தா இன்னா சார், கடலுக்குப் போனாத்தான் எங்களுக்குச் சோறு" என்பார். பெயர் வெளியிட விரும்பாதவர். இத்தனை வருஷத்தில் அவருக்கு வயதே ஏறவில்லை என்பதையாவது யாராவது கவனித்திருக்கலாம். அப்படி ஒருவர் கிடையாது. நான் எழுதி உண்டாக்கிய ஆள் அவர்.

வெளியூர்க்காரன் என்றால் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நான் பிறந்தது ராயபுரம், கல்மண்டபம் பக்கம். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. வீட்டிலிருந்து காசிமேடு நடந்து போகிற தூரம். ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கப் போவேன், பேரம் பேசுவேன், பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். குறிப்பேட்டோடு ஒருநாளும் போனதில்லை. "அவன் அந்த ஏரியாக்காரன்யா, அவனுக்குத் தெரியாததா" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அந்த நம்பிக்கையைத்தான் வருஷக்கணக்கில் செலவழித்தேன்.

1998 பிப்ரவரியில் முதல் தடவை. கட்டுரை முழுக்க வாக்குக் கணக்கு. பக்கப் பொறுப்பாளர் படித்துவிட்டு, "எண்ணெல்லாம் சரி. மனுஷன் எங்கய்யா? மக்கள் குரல் ரெண்டு வை" என்றார். சாயங்காலம் ஆகிவிட்டது, ராத்திரி பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். காசிமேடு போய்வர நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. கீழே டீக்கடையில் நின்றுகொண்டு, சினிமாவில் கேட்டுப் பழகிய சென்னைத் தமிழில் அந்த வரியை எழுதினேன். எங்கள் வீட்டில்கூட யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். மறுநாள் பொறுப்பாளர், "அந்த மீனவர் பிரமாதம்" என்றார். பழைய தேர்தல் முடிவுகளைத் தோண்டி எடுக்க நான் பட்ட பாட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எது விலைபோகும் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.

எண்களில் நான் கை வைத்ததில்லை. வாக்கு வித்தியாசத்தைச் சரிபார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டேன். மேற்கோள் குறிக்குள் மட்டும் இஷ்டத்துக்குப் புகுந்து விளையாடினேன். இதில் கேவலம் என்னவென்றால், நான் தொகுத்து வைத்திருந்த அட்டவணையே அந்த மீனவர் சொன்னதற்கு நேர் எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

1952இல் சென்னைக்கு ஒரே மக்களவைத் தொகுதிதான், டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஜெயித்தார். 1957இல் வடக்கு தனியே ஒரு தொகுதியாக வந்தபோது இந்தப் பக்கத்து ஜனங்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளையை. யாழ்ப்பாணத்துக்காரர். இலங்கையில் சமசமாஜக் கட்சியில் இருந்துவிட்டு இங்கே வந்து மெட்ராஸ் லேபர் யூனியனுக்குத் தலைவராகி, 1947இல் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தை முன்னால் நின்று நடத்தியவர். மாநிலம் முழுக்கக் காங்கிரஸ் கோலோச்சிய காலத்தில் சுயேச்சையாக நின்றார். கடலுக்கு அக்கரையில் பிறந்த ஒரு தொழிற்சங்கக்காரரை டெல்லிக்கு அனுப்பி வைத்தவர்கள் ஆலைக்காரர்களும் துறைமுகத்துக்காரர்களும் நிறைந்த இந்த வாக்காளர்கள். எவன் வந்தால் என்ன என்று இருந்தவர்கள் செய்கிற வேலையா இது?

1962இல் காங்கிரசின் பி. சீனிவாசன். 1967லும் 1971லும் நாஞ்சில் மனோகரன். இதெல்லாம் காற்று அடித்த பக்கம் சாய்ந்தது என்று சொல்லலாம். 1977ஐ அப்படிச் சொல்ல முடியாது. அந்த வருஷம் அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணி 39இல் 34ஐ அள்ளியது. வடசென்னை, தி.மு.க.வின் 'வாலிபப் பெரியார்' ஏ.வி.பி. ஆசைத்தம்பியை ஜெயிக்க வைத்தது. 1980இல் ஜி. லட்சுமணன் ஜெயித்து மக்களவைத் துணை சபாநாயகரானார். 1984 இன்னும் அதிசயம். இந்திரா காந்தி கொல்லப்பட்ட அனுதாபம் ஒரு பக்கம், எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் கிடந்த அனுதாபம் ஒரு பக்கம். தமிழ்நாட்டில் தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடம், இரண்டும் சென்னையில்: மத்தியில் கலாநிதி, வடக்கில் என்.வி.என். சோமு.

இதே தொகுதி 1989இல் சோமுவின் கட்சியைக் கைவிட்டது. தி.மு.க. சட்டமன்றத்தில் ஆட்சியைப் பிடித்த அதே வருஷம் மக்களவையில் ஓரிடம்கூட ஜெயிக்கவில்லை. ஐக்கிய கம்யூனிஸ்ட் கட்சியின் தா. பாண்டியன் கை சின்னத்தில் நின்று இங்கே வென்றார். 1991லும் வென்றார். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது ராஜீவ் காந்தியின் பேச்சை மொழிபெயர்க்கப் போய், காயத்தோடு தப்பியவர் அவர்தான். 1996இல் மறுபடி சோமு. பாதுகாப்புத் துறை இணையமைச்சரானார். 1997 நவம்பர் 14 அன்று அருணாசலப் பிரதேசத்தில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். 1998இல் அ.தி.மு.க. கூட்டணி 30 இடங்களைப் பிடித்தபோதும் வடசென்னை தொழிற்சங்கத் தலைவர் செ. குப்புசாமியின் பக்கம் நின்றது. 1999, 2004 என்று மூன்று முறை அவரே.

தா. பாண்டியன் 2009இல் திரும்பி வந்தார். இந்தத் தடவை இந்தியக் கம்யூனிஸ்ட், கதிர் அரிவாள், இரட்டை இலையோடு கூட்டணி. டி.கே.எஸ். இளங்கோவனிடம் 20,000க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். 2014இல் டி.ஜி. வெங்கடேஷ் பாபு ஏறத்தாழ ஒரு லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். இரட்டை இலை வடசென்னையில் வென்றது அதுதான் முதல் தடவை. ஐந்தே வருஷத்தில் கலாநிதி வீராசாமி 4.6 லட்சம் வித்தியாசத்தில் அதைத் திருப்பினார், 2024லும் 3.39 லட்சத்தில் ஜெயித்தார்.

எங்கள் ராயபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லிக்குக் குப்புசாமி போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க.வின் டி. ஜெயக்குமார் போய்க்கொண்டிருந்தார். 1991இல் ஜெயித்தார், 1996இல் தோற்றார், பிறகு 2001இலிருந்து நாலு தடவை தொடர்ந்து ஜெயித்தார், 2021இல் ஐட்ரீம் மூர்த்தியிடம் தோற்றார். மாநிலத்தில் கருணாநிதி ஆட்சிக்கு வந்த 2006லும் ராயபுரம் அவரை விடவில்லை. சட்டமன்றத்துக்கு ஒரு கணக்கு, நாடாளுமன்றத்துக்கு ஒரு கணக்கு என்று ஒரே தெரு தனித்தனியாகப் போட்டுப் பார்க்கிறது. அந்தத் தெருவில் வளர்ந்தவன் நான். அட்டவணையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் "எவன் வந்தா இன்னா" என்று எழுதினேன்.

ஏன் என்று யோசித்துப் பார்த்தால், சோம்பல் பாதிக் காரணம்தான். கூவத்துக்குத் தெற்கே உள்ள வாசகருக்கு வடசென்னைக்காரன் அலுத்துச் சலித்தவனாக இருந்தால் சௌகரியம். அவன் கணக்குப் போடுகிறவன், சாமர்த்தியசாலி, போன தடவை யார் என்ன செய்தார் என்று ஞாபகம் வைத்திருப்பவன் என்றால் அவனோடு வாதாட வேண்டியிருக்கும். பீடியை இழுத்துக்கொண்டு விதியே என்று கிடப்பவனைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டலாம். அந்த உச்சுக்கொட்டலுக்குச் சரக்கு சப்ளை செய்தேன்.

மற்ற வரிகளும் அப்படித்தான். பழைய கட்டுரையை எடுத்து வேட்பாளர் பெயரை மாற்றுவேன். பின்னி ஆலை 1996இலேயே மூடியாகிவிட்டது. அதற்குப் பிறகும் 'ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த பெரம்பூர்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சோடு நின்றுபோனது. 2019 கட்டுரையில் அதன் புகைபோக்கி புகை கக்கிக்கொண்டிருந்தது.

2017 ஆர்.கே. நகரில் நான் செய்தது இதைவிட மோசம். ஜெயலலிதா இறந்து காலியான தொகுதி. ஏப்ரலில் நடக்க வேண்டிய இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. டிசம்பர் 21 அன்று நடந்தபோது டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக, குக்கர் சின்னத்தில், 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்று ஊரே பேசியது. பேச்சு என்றுதான் நானும் எழுதியிருக்க வேண்டும். என் மீனவரைக் கூப்பிட்டேன். அவர் மடியிலிருந்து இருபது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து என்னிடம் காட்டினார். ஊர்ப்பேச்சுக்கு நான் கண்ணால் கண்ட சாட்சியாகிவிட்டேன். அந்தத் தொகுதிக்காரர்களை ஓட்டை விற்றவர்கள் என்று நாடே கேலி பேசிய வாரம் அது. அந்தக் கேலிக்கு என் பங்கு ஒரு நோட்டு.

2018 டிசம்பரில் ஜெர்மனியின் 'டெர் ஷ்பீகல்' இதழில் கிளாஸ் ரெலோட்டியஸ் என்ற நிருபர் வருஷக்கணக்கில் ஆட்களையும் காட்சிகளையும் இட்டுக்கட்டி எழுதியது அம்பலமானது. டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்ட அமெரிக்கச் சிற்றூர் என்று ஃபெர்கஸ் ஃபால்ஸைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், மெக்சிகோக்காரர்கள் உள்ளே வராதீர்கள் என்று ஊர் எல்லையில் பலகை இருப்பதாகச் சொல்லியிருந்தார். பலகை கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வரி வரியாகப் பிரித்து எது பொய் என்று எழுதிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. கலக்கலிலும் ஒரு ஆறுதலைத் தேடிக்கொண்டேன்: பெரிய பத்திரிகை, பெரிய பொய்; என்னுடையது இரண்டு வரி. இன்று நினைத்தால், அந்த மனுஷனாவது ஊருக்குப் போய் வாரக்கணக்கில் தங்கியிருந்தான்.

அடுத்த ஏப்ரலிலேயே மீண்டும் எழுதினேன். வாக்குப்பதிவு நாள், 18ஆம் தேதி, காலை ஆறு மணி, லாஞ்சு கரை தட்டுகிறது, ஐஸ் பெட்டிகள் இறங்குகின்றன, நம்மாள் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போகிறார். காட்சி நன்றாகவே வந்திருந்தது. கொஞ்ச நாளில் காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம் வந்தது. நாலே வரி. ஏப்ரல் 15 முதல் தடைக்காலம். 18ஆம் தேதி எந்த லாஞ்சு கரைக்கு வந்தது? போட் நம்பர் என்ன? நம்பர் சொன்னால் மீன்வளத் துறையில் புகார் கொடுக்க வசதியாக இருக்கும்.

இந்தக் கிண்டலுக்குப் பதிலே கிடையாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாள், 2017இலிருந்து 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பழைய கட்டுரைகளை எடுத்துத் தேதி பார்த்தேன். 2004 மே 10. 2009 மே 13. 2014 ஏப்ரல் 24. எல்லாமே தடைக்காலம். இந்த ஒவ்வொரு தேர்தலிலும் என் ஆள் சட்டத்தை மீறிக் கடலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். சட்டமன்றத் தேர்தல்களிலும் 2006, 2016 உள்ளே விழுகின்றன. 2011லும் 2021லும் சில நாள் முன்னதாக நடந்ததால் தப்பின. லாஞ்சுக்காரனுக்கு ஓட்டு என்றால் கரையில் சும்மா இருக்கிற காலம், வட்டிக்கு வாங்கிச் சாப்பிடுகிற காலம். அந்த நேரத்தில் பிரசாரத்துக்கு வருகிறவனை அவன் எப்படிப் பார்ப்பான்? வடசென்னைத் தேர்தலைப் பற்றி யாரும் எழுதாத கட்டுரை அது. அதைக் கையில் கொடுத்தவர் என்னைத் திட்டி எழுதிய வாசகர்.

நான் என்ன செய்தேன்? ஆசிரியர் கேட்டபோது, "அது பைபர் படகு சார், அவசரத்தில் லாஞ்சுன்னு விழுந்திருக்கு" என்றேன். பைபர் படகுக்கும் கட்டுமரத்துக்கும் தடை கிடையாது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. ஆசிரியர் நம்பினார். கடிதம் பிரசுரமாகவில்லை.

2024இல் அவரைக் காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குக் குடிபெயர்த்தேன். ஆற்றில் இறால் பிடிப்பவருக்குத் தடைக்காலச் சிக்கல் இல்லை. அந்தக் கடிதத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது, பொய்யைப் பிசிறில்லாமல் சொல்லத்தான். அதற்கு முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கிக் கொசஸ்தலையாற்றுக் கழிமுகம் முழுக்கப் படிந்திருந்தது. மீனவர்கள் படகில் உட்கார்ந்துகொண்டு மக்கில் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகிற கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பந்தல் அங்கேயேதான் இருந்தது. மாநகரப் பேருந்து போகும் ஊர். நான் வீட்டில் உட்கார்ந்து யூடியூபில் பார்த்து, அந்த மக்கையும் பீப்பாயையும் எடுத்து என் மீனவர் கையில் கொடுத்தேன். அவர் வழக்கம்போல எவன் வந்தால் என்ன என்றார். நூறு நாளுக்குமேல் பந்தலில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு வேட்பாளரையும் நிறுத்திக் கேள்வி கேட்கிறவர்களின் ஊரிலிருந்து.

அந்த ஆற்றின் தென்கரை வடசென்னைத் தொகுதி, வடகரை திருவள்ளூர்த் தொகுதி. படகில் ஆற்றைக் கடந்தால் எம்.பி. மாறிவிடுவார். எண்ணெய் படிந்த வலைக்கு நிவாரணம் கேட்க யாரிடம் போவது என்று கேட்டிருந்தாலே ஒரு கட்டுரை கிடைத்திருக்கும்.

பிறகு ஒரு ஆய்வு மாணவி தொலைபேசியில் பேசினார். மீனவ மக்களின் அரசியல் அவநம்பிக்கை பற்றி ஆய்வு. என் கட்டுரைகளிலிருந்து மேற்கோள்களைத் தேடி எடுத்து வைத்திருந்தார். "சார், 2004லயும் 2009லயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பேசியிருக்காங்க. ஒரே ஆளா சார்? அவரைப் பார்க்க முடியுமா?" என்றார். இத்தனை வருஷத்தில் அதைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். நான் சொன்னேன்: "அவர் தவறிட்டாரும்மா." ஒரு நொடி யோசிக்கவில்லை. "ஐயோ, சாரி சார்" என்று அந்தப் பெண் வருத்தப்பட்டார். எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அந்த வருத்தம்தான் தூங்கவிடவில்லை. அச்சில் வந்த என் பொய் ஆய்வேட்டில் தரவாகிறது. நாளைக்கு யாரோ ஒரு அதிகாரி அதைப் படித்துவிட்டு, இவர்களுக்கு எதைச் செய்தாலும் நம்பிக்கை வராது என்று கோப்பை மூடலாம்.

தடைக்காலத்தில் காசிமேட்டுக்குப் போனேன், குறிப்பேட்டோடு. லாஞ்சுகள் மூன்று நாலு வரிசையாக ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடந்தன. ஒரு படகில் எஞ்சினைப் பிரித்துத் தார்ப்பாயில் பாகம் பாகமாகப் பரப்பியிருந்தார்கள். ஒரு பையன் பழைய பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நீலச் சுருள் அவன் முழங்கை வரைக்கும் ஒட்டியிருந்தது. வலையை மடியில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் தேர்தலைப் பற்றிக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே ஆரம்பித்தார். தடைக்கால நிவாரணம் 5,000 ஆனது யார் ஆட்சியில், 8,000 ஆனது யார் ஆட்சியில், டீசல் மானியம் எத்தனை லிட்டர், அது எப்போது கையில் வந்தது, எந்த எம்.எல்.ஏ. சாவுக்கு வந்தார், யார் வரவில்லை. எப்போது எந்தக் கட்சிக்கு ஏன் போட்டார், ஏன் மாற்றினார் என்று வருஷம் தவறாமல் சொன்னார். என் அட்டவணையில் இல்லாத நிரல்கள் அவரிடம் இருந்தன. "பேரு போட்டுக்கோ சார், எதுக்கு மறைக்கணும்" என்றார். இங்கே நான் போடவில்லை. என் பாவக் கணக்கு எழுதுகிற காகிதத்தில் அவர் பெயர் எதற்கு? முறையாக எழுதும் கட்டுரையில் வரும்.

மாணவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ரெண்டாவது இயலை மாத்தணும் சார்" என்றார். திட்டவில்லை. பத்திரிகைக்கும் எழுதியிருக்கிறேன். 1998, 1999, 2004, 2009, 2014, 2017, 2019, 2024 ஆகிய வருஷங்களில் என் பெயரில் வந்த வடசென்னைக் கட்டுரைகளில் மீனவர் ஒருவர் கூறியதாக மேற்கோள் குறிக்குள் உள்ள எல்லா வரிகளும், 2017இல் அவர் எடுத்துக் காட்டிய இருபது ரூபாய் நோட்டும், 2019இல் கரை தட்டிய லாஞ்சும் என் கற்பனை. வாக்கு எண்ணிக்கைகள் தேர்தல் ஆணையத்துடையவை. அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.